"சார், எனக்கு ஒன்றுமே தெரியவில்லை": கல்லூரி எல்.எம்.எஸ். சிக்கல்கள், அறிகுறி வாரியாக

பாடக் குறிப்பு, அசைன்மென்ட், தேர்வு, மதிப்பெண் எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைத்து நடத்தும் தளத்தைத்தான் எல்.எம்.எஸ். என்கிறோம். மூடுல், கேன்வாஸ், பிளாக்போர்டு, கூகுள் கிளாஸ்ரூம் என்று பெயர் மாறினாலும் ஆசிரியர்களிடமிருந்து வரும் புகார்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. தளம் பழுதாகி வரும் புகார்கள் குறைவு. ஆசிரியர் திரையில் தெரிவதும் மாணவர் திரையில் தெரிவதும் வேறு என்பதால் வருபவையே அதிகம். அதனால்தான் தளத்தைத் தேர்ந்தெடுப்பது பற்றிய பகுதியைப் பின்னால் தள்ளி வைத்திருக்கிறேன். என்னென்ன சிக்கல் வரும் என்று தெரிந்தவருக்குத்தான் எதைக் கேட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது புரியும்.

எந்த அறிகுறிக்கும் முதல் வேலை

மாணவர் பார்வையில் பாருங்கள். கேன்வாஸில் 'ஸ்டூடன்ட் வியூ' என்ற பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் ஒரு சோதனை மாணவராகவே உள்ளே போய் அசைன்மென்ட் சமர்ப்பித்துக்கூடப் பார்க்கலாம். மூடுலில் 'ஸ்விட்ச் ரோல் டு' என்பதைப் பயன்படுத்தலாம், ஆனால் அதை முழுதாக நம்பாதீர்கள். அங்கே உங்கள் அனுமதிகள் மட்டும்தான் மாறும், ஆள் நீங்களேதான். நீங்கள் எந்தக் குழுவிலும் மாணவராக இல்லை, உங்களுக்கு மதிப்பெண்ணும் கிடையாது. ஆகவே தள நிர்வாகியிடம் சொல்லி ஒரு சோதனை மாணவர் கணக்கு வாங்கிக்கொள்ளுங்கள். அதை வேறொரு பிரவுசரில் எப்போதும் திறந்தே வைத்திருங்கள். கீழே சொல்லப்போகும் பாதிச் சிக்கல்கள் அந்தப் பிரவுசரைப் பார்த்த உடனே பிடிபட்டுவிடும்.

"நேற்றே போட்டுவிட்டேன், ஆனால் மாணவர்களுக்குத் தெரியவில்லை"

முதல் கேள்வி: ஒருவருக்குத் தெரியவில்லையா, எல்லோருக்குமா? ஒருவருக்கு மட்டும் என்றால் சேர்க்கைப் பட்டியலைப் பாருங்கள். எல்லோருக்கும் என்றால் அமைப்பைப் பாருங்கள். இந்த ஒரு கேள்வி நிறைய நேரத்தை மிச்சப்படுத்தும்.

எல்லோருக்கும் தெரியவில்லை என்றால் மேலிருந்து கீழாக இறங்குங்கள். கேன்வாஸில் மூன்று இடங்களில் 'பப்ளிஷ்' செய்ய வேண்டும்: பாடம், அதற்குள் இருக்கும் மாட்யூல் (வாரம் அல்லது அலகு வாரியான தொகுப்பு), அதற்குள் இருக்கும் உருப்படி (பக்கம், அசைன்மென்ட், க்விஸ் போன்றவை). உருப்படிக்குப் பச்சை டிக் இருந்தாலும் அதைத் தாங்கும் மாட்யூல் மூடியிருந்தால் மாணவரால் அதைத் திறந்து படிக்க முடியாது. மூடுலில் பாடத்தையே மறைத்து வைக்கலாம், வாரப் பகுதியை மறைக்கலாம், தனி உருப்படியையும் மறைக்கலாம். மூன்றையும் பாருங்கள். அடுத்து 'ரிஸ்ட்ரிக்ட் அக்சஸ்' நிபந்தனை ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். "முந்தைய க்விஸை முடித்தால்தான் இது திறக்கும்" என்று எப்போதோ போட்ட நிபந்தனை, அந்த க்விஸையே நீங்கள் நீக்கிவிட்ட பிறகும் வேலை செய்துகொண்டிருக்கும்.

கூகுள் கிளாஸ்ரூமில் பெரும்பாலும் அது இன்னும் வரைவாகவோ, பின்னொரு தேதிக்குத் திட்டமிட்டதாகவோ இருக்கும்.

ஒரு சிலருக்கு மட்டும் என்றால் இரண்டு காரணங்கள் அடிக்கடி வரும். ஒன்று, மாணவர் கல்லூரிக் கணக்கை விட்டுவிட்டுத் தன் சொந்த மெயில் கணக்கில் நுழைந்திருப்பார். செல்போனில் இரண்டு கணக்குகள் இருந்தால் இது தினமும் நடக்கும். இரண்டு, குழு. மூடுலில் ஒரு விவாதக் களத்தை 'செபரேட் குரூப்ஸ்' என்று வைத்தால், எந்தக் குழுவிலும் சேர்க்கப்படாத மாணவர் அங்கே புதிய விவாதம் தொடங்க முடியாது. தாமதமாகச் சேர்ந்தவர்கள்தான் இதில் அகப்படுகிறார்கள். வகுப்பில் அவர்கள் பேசாமல் இருப்பதற்கு ஆர்வமின்மை காரணம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். அது மாணவருக்கு அநியாயம். குழுப் பட்டியலை மாதம் ஒருமுறையாவது சரிபாருங்கள்.

"நான் சமர்ப்பித்துவிட்டேன்" என்கிறார், உங்கள் பக்கத்தில் இல்லை

மாணவர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டுவதற்கு முன் நிலையைப் பாருங்கள். மூடுல் அசைன்மென்டில் "மாணவர் சமர்ப்பி பொத்தானை அழுத்த வேண்டும்" என்ற அமைப்பு ஒன்று உண்டு. அது இயக்கத்தில் இருந்தால், கோப்பை ஏற்றிச் சேமிப்பது ஒரு படி, சமர்ப்பிப்பது இன்னொரு படி. கோப்பு ஏறியதைப் பார்த்ததும் வேலை முடிந்தது என்று மாணவர் போய்விடுவார். உங்கள் பட்டியலில் அது 'டிராஃப்ட்' என்று நிற்கும். கோப்பு அங்கேதான் இருக்கிறது, திறந்து படித்து மதிப்பெண்ணும் போடலாம். இரண்டு படி தேவையில்லை என்றால் அந்த அமைப்பை அணைத்துவிடுங்கள். என்னைக் கேட்டால் முதலாண்டு வகுப்புகளுக்கு அணைப்பதே நல்லது.

கெடு விஷயத்தில் இன்னொரு பொறி. மூடுலில் புதிய அசைன்மென்ட் உருவாக்கும்போது கெடு நேரம் 00:00 என்று வந்து நிற்கும். 7-ஆம் தேதி 00:00 என்றால் 6-ஆம் தேதி இரவு முடியும் கணம். "7-ஆம் தேதி வரை" என்று வகுப்பில் சொல்லியிருப்பீர்கள், தளமோ 7-ஆம் தேதி முழுவதும் 'தாமதம்' என்று காட்டும். 23:59 என்று மாற்றிவிடுங்கள். கேன்வாஸ் இதை 11:59 இரவு என்றே எடுத்துக்கொள்கிறது.

இதற்கு நேர் எதிரான புகாரும் வரும்: "கெடு முடிந்த பிறகும் சமர்ப்பிக்க முடிகிறதே?" முடியும். மூடுலில் 'டியூ டேட்' தாமதத்தைக் குறித்து வைக்குமே தவிரக் கதவைச் சாத்தாது. சாத்துவது 'கட் ஆஃப் டேட்'. கேன்வாஸில் அதே வேலையைச் செய்வது 'அன்டில்' தேதி. கெடுத் தேதியையும் கதவைச் சாத்தும் தேதியையும் இரண்டு நாள் இடைவெளியில் வைத்தால், தாமதமாக வருபவை தாமதம் என்ற குறிப்போடு வந்து சேரும், அதற்கு மேல் வராது. கருணையும் ஒழுங்கும் ஒன்றாக நடக்கும்.

மதிப்பெண் கூட்டல் ஒத்துவரவில்லை

இதில்தான் ஆசிரியர்கள் அதிகம் தவிக்கிறார்கள். மாணவர்களுக்கு அதிக மனவேதனை தருவதும் இதுதான். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஒரு மாணவருக்கு மூன்று அசைன்மென்ட்கள், ஒவ்வொன்றும் 20 மதிப்பெண். முதலாவதில் 18, இரண்டாவதில் 16. மூன்றாவதைச் சமர்ப்பிக்கவே இல்லை. மதிப்பெண் ஏட்டில் அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது. மொத்தத்தில் 85 சதவீதம் என்று காட்டும். 40-க்கு 34 அல்லவா, அதனால். பருவ முடிவில் நீங்கள் அந்தக் காலிக் கட்டத்தில் 0 போடுகிறீர்கள். இப்போது 60-க்கு 34, கிட்டத்தட்ட 57 சதவீதம். ஒரே இரவில் 28 புள்ளி விழுந்துவிட்டது என்று மாணவர் பதறி ஓடிவருவார். கணக்கில் பிழை எதுவும் இல்லை. காலிக் கட்டத்தையும் பூஜ்யத்தையும் தளம் வேறுவேறாகப் பார்க்கிறது, அவ்வளவுதான். மூடுலில் 'எக்ஸ்க்ளூட் எம்ப்டி கிரேட்ஸ்' என்பது தொடக்கத்திலேயே இயக்கத்தில் இருக்கும். கேன்வாஸும் மதிப்பிடாதவற்றைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இதற்கு மருந்து, கெடு முடிந்த வாரத்திலேயே காலிக் கட்டங்களில் 0 போட்டுவிடுவது. பிறகு சமர்ப்பித்தால் மாற்றிக்கொள்ளலாம். கேன்வாஸில் சமர்ப்பிக்காதவற்றுக்குத் தானாகவே ஒரு மதிப்பெண் விழும்படி அமைக்கவும் வழி உண்டு. எப்படிச் செய்தாலும் மாணவர் தன் உண்மை நிலையைப் பருவத்தின் நடுவிலேயே பார்க்க வேண்டும். திருத்திக்கொள்ள நேரம் இருக்கும்போது தெரிந்தால்தான் அந்த எண்ணால் அவருக்குப் பயன்.

அடுத்தது எடை. மூடுல் 2014-இல் வந்த 2.8 பதிப்பிலிருந்து 'நேச்சுரல்' என்ற கூட்டல் முறையைக் கொண்டிருக்கிறது. அதில் உருப்படியின் உச்ச மதிப்பெண்தான் அதன் எடை. 10 மதிப்பெண் க்விஸும் 100 மதிப்பெண் தேர்வும் இருந்தால் தேர்வு பத்து மடங்கு கனக்கும். பயிற்சிக்காக வைத்த க்விஸ் ஒன்று 50 மதிப்பெண்ணோடு அங்கே உட்கார்ந்திருந்தால் அதுவும் மொத்தத்தில் சேரும். அதன் எடையை 0 ஆக்குங்கள். பாடத்திட்டத்தில் "அசைன்மென்ட் 40, க்விஸ் 20, இறுதித் தேர்வு 40" என்று இருந்தால், உருப்படிகளை உருவாக்கத் தொடங்கும் முன்பே அந்த மூன்று பிரிவுகளையும் மதிப்பெண் ஏட்டில் போட்டுவிடுங்கள். பருவத்தின் நடுவில் பிரிவுகளை மாற்றினால் ஏற்கெனவே மாணவர்கள் பார்த்த எண்கள் எல்லாம் மாறும்.

மதிப்பெண்ணே தெரியவில்லை என்று மாணவர் சொன்னால் அது வேறு நோய். கேன்வாஸில் 'மேனுவல் போஸ்டிங்' வைத்திருந்தால் நீங்கள் 'போஸ்ட்' செய்யும்வரை மறைந்தே இருக்கும். மதிப்பெண் ஏட்டில் அந்த அசைன்மென்டின் நெடுவரிசைத் தலைப்பில் குறுக்குக் கோடிட்ட கண் படம் இருக்கும். கூகுள் கிளாஸ்ரூமில் எண்ணைத் தட்டினால் போதாது, 'ரிட்டர்ன்' அழுத்த வேண்டும்.

க்விஸ் பாதியில் மூடிக்கொண்டது

தேர்வு 10:00-க்குத் திறக்கிறது, 10:30-க்கு மூடுகிறது, கால அளவு 30 நிமிடம். ஒருவர் 10:12-க்குத் தொடங்குகிறார். அவருக்குக் கிடைப்பது 18 நிமிடம்தான். கால அளவும் மூடும் நேரமும் மோதினால் மூடும் நேரமே வெல்லும். எல்லோருக்கும் 30 நிமிடம் கிடைக்க வேண்டும் என்றால் மூடும் நேரத்தைத் தள்ளி வையுங்கள், அல்லது 10:00-க்கு எல்லோரும் தொடங்கியாக வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

இணைப்பு அறுந்துபோனால்? மூடுல் விடைகளை அவ்வப்போது தானாகச் சேமித்துக்கொள்ளும். மாணவர் மறுபடி லாகின் செய்து அதே முயற்சியைத் தொடரலாம். ஆனால் கடிகாரம் நிற்காது. இழந்த நேரத்தைக் கொடுக்க மூடுலில் 'ஓவர்ரைடு', கேன்வாஸில் 'மாடரேட்' பக்கம். முழு வகுப்புக்கும் தேர்வை மறுபடி திறக்க வேண்டியதில்லை, அந்த ஒருவருக்கு மட்டும் கூடுதல் நேரம் தரலாம். எழுதுவதற்குக் கூடுதல் நேரம் தேவைப்படும் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கும் இதே வழிதான். அவர்களுக்குத் தேர்வு நாளுக்கு முன்பே இதைச் செய்துவையுங்கள், தேர்வு நடக்கும்போது அவர்கள் கேட்டு நிற்கும்படி வைக்காதீர்கள்.

விடைக்குறிப்பே தவறு என்று தேர்வுக்குப் பிறகு தெரிந்தால் பதற வேண்டாம். மூடுலில் கேள்வியைத் திருத்திவிட்டு 'ரீகிரேட்' கொடுத்தால் எல்லோருக்கும் மறுமதிப்பீடு ஆகிவிடும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: ஒரு மாணவர் எழுதத் தொடங்கிவிட்டாலே அந்த க்விஸில் கேள்விகளைச் சேர்க்கவோ நீக்கவோ மூடுல் விடாது. எனவே தேர்வுக்கு முந்தின நாள் சோதனைக் கணக்கில் ஒருமுறை முழுதாக எழுதிப் பார்த்துவிட்டு, அந்த முயற்சியை அழித்துவிடுங்கள்.

அறிவிப்பு மெயில் போகவில்லை, அல்லது தாமதமாகப் போகிறது

மூடுலில் விவாதக் களத்தில் எழுதியதைத் திருத்த 30 நிமிடம் தருவார்கள். அந்த நேரம் முடிந்த பிறகுதான் மெயில் கிளம்பும். "இன்று வகுப்பு இல்லை" என்பது போன்ற அவசரச் செய்திக்கு, காத்திருக்காமல் உடனே அனுப்பும் விருப்பத்தை டிக் செய்யுங்கள். மணிக்கணக்காக யாருக்குமே எதுவும் போகவில்லை என்றால், பின்னணியில் ஓட வேண்டிய 'கிரான்' என்ற வேலை நின்றிருக்கலாம். அதை நிமிடத்துக்கு ஒருமுறை ஓட வைக்க வேண்டும் என்பது மூடுலின் பரிந்துரை. இது உங்கள் கையில் இல்லை, நிர்வாகியிடம் "கிரான் ஓடுகிறதா?" என்று அந்தச் சொல்லையே வைத்துக் கேளுங்கள்.

கோப்பு ஏறவில்லை, ஏறியது திறக்கவில்லை

மூடுலில் கோப்பின் அளவுக்கு அடுக்கடுக்காக வரம்பு உண்டு: சர்வர், தளம், பாடம், அசைன்மென்ட். இதில் எது சிறியதோ அதுவே நடப்பு. மூடுல் எழுதப்பட்டிருக்கும் நிரல்மொழியான பி.எச்.பி. தன் தொடக்க நிலையில் ஒரு கோப்புக்கு 2 எம்.பி. தான் விடும், அதை யாரும் உயர்த்தியிருக்காவிட்டால் உங்கள் அமைப்பில் எவ்வளவு போட்டாலும் பயனில்லை. வீடியோவை எல்.எம்.எஸ்.ஸில் ஏற்றவே ஏற்றாதீர்கள், வீடியோ தளத்தில் போட்டு லிங்க் கொடுங்கள்.

கையால் எழுதிய விடைகளைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னால், ஐபோன் வைத்திருப்பவர்களின் படம் 'எச்.இ.ஐ.சி.' வடிவில் வந்து உங்கள் கணினியில் திறக்காமல் போகலாம். எல்லாப் பக்கங்களையும் ஒரே பி.டி.எஃப். ஆக்கி அனுப்பச் சொல்லுங்கள். ஏற்கும் கோப்பு வகையை அசைன்மென்டிலேயே பி.டி.எஃப். என்று கட்டுப்படுத்திவிட்டால் சொல்ல வேண்டிய தேவையும் குறையும்.

பழைய தமிழ்க் குறிப்புகளை ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியலாக வருகிறதா? அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியது. யூனிகோடு மாற்றியில் போட்டு மாற்றிவிட்டு ஒட்டுங்கள். எழுத்துருவை மட்டும் மாற்றிப் பார்ப்பது தீர்வாகாது, மாணவர் தேடினாலும் அது கிடைக்காது.

ஒரே கோப்பில் வகுப்பே எழுதிவைத்திருக்கிறது

கூகுள் கிளாஸ்ரூமில் கோப்பை இணைக்கும்போது "மாணவர்கள் திருத்தலாம்" என்று கொடுத்திருப்பீர்கள். "ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு நகல்" என்பதைத் தேர்ந்திருக்க வேண்டும். அசைன்மென்டைக் கொடுத்த பிறகு இதை மாற்ற முடியாது, புதிதாகத்தான் போட வேண்டும்.

தவறுதலாக அழித்துவிட்டேன்

மூடுலில் பாடத்துக்குள்ளேயே 'ரீசைக்கிள் பின்' இருக்கிறது. நிர்வாகி மாற்றியிருக்காவிட்டால் 7 நாள் வைத்திருக்கும். கேன்வாஸில் பாடத்தின் இணைய முகவரிக்குக் கடைசியில் சாய்கோடு போட்டு ஆங்கிலத்தில் 'அன்டிலீட்' என்று தட்டினால், அழித்தவற்றின் பட்டியல் வரும். பலருக்குத் தெரியாத கதவு இது.

பயிற்சிக்குப் போய் வந்தேன், ஒன்றும் மனதில் நிற்கவில்லை

ஒரே நாளில் எல்லா மெனுவையும் காட்டும் பயிற்சியில் யாருக்கும் ஒன்றும் நிற்காது. குறை உங்களுடையது இல்லை. உங்களுக்கென்று ஒரு காலிப் பயிற்சிப் பாடம் கேட்டு வாங்குங்கள். அதில் உங்கள் உண்மையான பாடத்தின் ஒரே ஒரு வாரத்தை மட்டும் முழுதாகக் கட்டுங்கள்: படிக்க ஒரு பக்கம், ஓர் அசைன்மென்ட், ஐந்து கேள்வி க்விஸ், ஓர் அறிவிப்பு. அப்புறம் சோதனை மாணவராக நுழைந்து அத்தனையையும் செய்யுங்கள், ஆசிரியராகத் திரும்பி வந்து மதிப்பெண் போடுங்கள், மறுபடி மாணவராகப் போய் அந்த மதிப்பெண் தெரிகிறதா என்று பாருங்கள். இந்த ஒரு சுற்றைச் செய்துவிட்டால் தளத்தின் எலும்புக்கூடு கைவசமாகிவிடும். மீதி எல்லாம் தேவை வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

கல்லூரியில் இடம் தராவிட்டால், மூடுல் தன் சோதனைத் தளத்தை எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. மணிக்கு ஒருமுறை அது தன்னைத் துடைத்துக்கொள்ளும், ஆகவே எதை வேண்டுமானாலும் தொட்டுப் பார்க்கலாம்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவே வரவில்லை

கல்லூரி ஏற்கெனவே ஒன்றை வைத்திருந்தால் முடிவு எடுத்தாகிவிட்டது. அதையே கற்றுக்கொள்ளுங்கள். ஒவ்வோர் ஆசிரியரும் தனக்குப் பிடித்த தளத்தை வைத்துக்கொண்டால், ஆறு பாடம் படிக்கும் மாணவர் ஆறு இடத்தில் கெடு தேட வேண்டியிருக்கும்.

தேர்ந்தெடுக்கும் பொறுப்பு உங்கள் மேல் விழுந்தால், வசதிப் பட்டியலை ஒப்பிட்டு உட்கார்ந்திருக்காதீர்கள். எல்லாப் பட்டியலிலும் எல்லாம் இருக்கும். முதல் கேள்வி, யார் பராமரிப்பார்கள்? மூடுல் 2002-இல் மார்ட்டின் டூகியாமாஸ் வெளியிட்ட கட்டற்ற மென்பொருள், உரிமக் கட்டணம் கிடையாது. ஆனால் சர்வர், பதிப்பு மேம்படுத்தல், காப்புப் பிரதி, மேலே சொன்ன கிரான் எல்லாவற்றையும் கவனிக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லாத இடத்தில் இலவச மூடுல் மிக விலை உயர்ந்த தளமாகிவிடும். அப்படிப்பட்ட இடங்களில் நிறுவனமே நடத்தித் தரும் சேவையை எடுப்பதே சரி. கேன்வாஸின் மூல நிரலும் 2011 முதல் திறந்திருக்கிறது, ஆனாலும் பெரும்பாலான கல்லூரிகள் அதைக் கட்டணச் சேவையாகத்தான் வாங்குகின்றன.

இரண்டாவது, உங்கள் வாராந்தர வேலை எது? குறிப்பும் அசைன்மென்டும் மட்டும் என்றால் 2014-இல் வந்த கூகுள் கிளாஸ்ரூம் தாராளமாகப் போதும், கற்க ஒரு மாலைப்பொழுது போதும். நூற்றுக்கணக்கான கேள்விகளை வங்கியில் வைத்து, மாணவருக்கு மாணவர் மாற்றிக் கொடுத்துத் தேர்வு நடத்த வேண்டும் என்றால் மூடுலின் க்விஸ் அமைப்பை அது எட்டாது. மூன்றாவது, உங்கள் வகுப்பிலேயே மிகப் பழைய போனும் மிக மெதுவான இணைப்பும் உள்ள மாணவர் அதில் தேர்வு எழுத முடிகிறதா? விற்க வருபவர் காட்டும் டெமோவில் இது தெரியாது. இரண்டு தளங்களில் ஒரே வாரப் பாடத்தைக் கட்டி, அந்த மாணவர் கையில் போனைக் கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

நான்காவது கேள்வியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்: வெளியேற வேண்டி வந்தால்? வெப்சிடி 1990-களின் பிற்பாதியில் பல்கலைக்கழகங்களில் பரவியிருந்த தளம். 2006-இல் பிளாக்போர்டு அதை வாங்கியது, பிறகு அந்தப் பெயரே மறைந்தது. 2009-இல் ஏஞ்சல் என்ற தளத்துக்கும் அதே கதி. 2021-இல் பிளாக்போர்டே அந்தாலஜி என்ற நிறுவனத்தோடு இணைந்தது. தளங்கள் கைமாறும். உங்கள் கேள்வி வங்கியும் குறிப்புகளும் உங்களோடு வர வேண்டும். 'காமன் கார்ட்ரிட்ஜ்' என்ற, பல தளங்களும் ஏற்கும் பொது வடிவில் பாடத்தை ஏற்றுமதி செய்ய முடியுமா என்று வாங்குவதற்கு முன்பே கேளுங்கள், செய்து காட்டச் சொல்லுங்கள்.

போன பருவப் பாடத்தை நகலெடுத்தேன், எல்லாத் தேதியும் பழையது

ஒவ்வொன்றாகத் திருத்த உட்காராதீர்கள். கேன்வாஸில் இறக்குமதி செய்யும்போதே தேதிகளை நகர்த்தும் வசதி உண்டு. மூடுலில் காப்புப் பிரதியை மீட்டெடுக்கும்போது புதிய தொடக்கத் தேதியைக் கொடுத்தால் மற்றவை அதற்கேற்ப நகரும். விடுமுறையில் விழும் கெடுக்களை மட்டும் பிறகு கையால் மாற்றுங்கள். கேன்வாஸ் அமைப்புகளில் இருக்கும் லிங்க் சரிபார்ப்பியையும் ஓடவிடுங்கள், பழைய பாடத்தைச் சுட்டும் லிங்க்குகள் பிடிபடும்.

பருவம் முடிந்ததும் மதிப்பெண் ஏட்டை விரிதாளாக இறக்கிவையுங்கள், பாடத்தின் காப்புப் பிரதியையும் உங்கள் கணினியில் வையுங்கள். மூடுல் பிரதி 'எம்.பி.இசட்.' என்ற வடிவில் இருக்கும். எடுத்ததோடு விடாமல், அதை ஒரு காலிப் பாடத்தில் மீட்டெடுத்து, படம் உள்ள கேள்விகள் படத்தோடு வந்திருக்கின்றனவா என்று திறந்து பாருங்கள்.